பர்வீன் பெட்டி விற்ற மதியம்

புரொஜெக்டர் சூடானதும் தூசி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வரும்... பெரம்பலூரில் நான் படித்த கல்லூரியின் செமினார் ஹால் என்றால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம். ஃபேன் சுற்றும், காற்று மட்டும் வராது.

நேற்று ஆபீஸில் நடந்த ஒன்று அந்த ஹாலை மறுபடி கண்முன்னே கொண்டுவந்துவிட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை. அதான் எழுதுகிறேன்.

அப்போது கடைசி வருஷம். வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வருவதாகச் சொன்னார்கள். ஏதாவது ஒரு பொருளை மேடையில் நின்று விற்றுக்காட்ட வேண்டும். பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு ட்ரெய்னர் வந்தார். யார் இன்டர்வியூவுக்குப் போகலாம் என்று முடிவு செய்வதும் அவர்தான்.

கையை எங்கே வைப்பது, எப்போது சிரிப்பது, 'ரெஸ்பெக்டட் டிக்னிட்டரீஸ்' என்று எப்படி ஆரம்பிப்பது... எல்லாம் அச்சடித்துக் கொடுத்தார். அரியலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் நான் அதை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். பக்கத்து சீட்டு அம்மா ஒருநாள், "என்ன பாப்பா, மந்திரமா?" என்று கேட்டேவிட்டார்.

என் தோழி பர்வீனுக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. ஒத்திகையில் அவள் விற்க எடுத்துக்கொண்டது ஒரு ட்ராவல் பெட்டி. மேடையேறியவள் அந்த அச்சுத் தாளைப் பார்க்கவே இல்லை. அவள் அப்பாவைப் பற்றி ஆரம்பித்தாள்.

"எங்க அத்தா குவைத்துல இருக்காங்க. போன தடவ வந்தப்ப, திருச்சி ஏர்போர்ட் பெல்ட்டுல அவங்க பெட்டி வாயப் பொளந்துக்கிட்டு வந்துச்சாம். எனக்கு வாங்குன செருப்புல ஒத்த செருப்புதான் வூடு வந்து சேந்துச்சு. அத்தா அதக் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க. எங்கிட்ட குடுக்கவே இல்ல..."

கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அதனாலதான் சொல்றேன். பெட்டி வாங்குறப்ப கலரப் பாக்காதீங்க. ஜிப்பப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே குனிந்து ஜிப்பில் கை வைத்தாள்.

ட்ரெய்னர் கையைத் தட்டினார். பாராட்டி அல்ல.

"ஸ்டாப், ஸ்டாப்! இது பிரசன்டேஷனா, குடும்பக் கதையா? முதல்லேர்ந்து ஆரம்பி. பேப்பர்ல இருக்கிற மாதிரி."

ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே நாக்குப் புரண்டது. யாரோ சிரித்தார்கள். பாதியிலேயே இறங்கிவிட்டாள்.

இன்டர்வியூவுக்கு என்று ட்ரெய்னர் வாசித்த பெயர்களில் என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. விடவில்லை நான். டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"சார், இவ பேசுறப்பதான் சார் எல்லாரும் கவனிச்சாங்க."

"வூடு வூடுன்னு பேசுற பொண்ண கம்பெனிக்காரங்க முன்னாடி எப்படிம்மா நிறுத்துறது? காலேஜ் பேரு என்ன ஆகும்?"

பர்வீன் மெதுவாகக் கேட்டாள். "பெட்டிய வூட்டுக்குத்தான சார் வாங்குறாங்க?"

"பாத்தியா... இந்த வாய்தான் உனக்குப் பிரச்சனை" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார்.

எங்கள் துறைத் தலைவரிடமும் போனோம். "அவரு சென்னைக்காரரும்மா, அவருக்குத் தெரியாததா?" என்றார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், உடையார்பாளையம். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் ஒரு தண்ணீர் பாட்டிலை விற்றுக்காட்டினேன். என்ன பேசினேன் என்று ஒரு வரிகூட ஞாபகமில்லை. கேட்டவர்களுக்கும் இருக்காது.

நேற்று எங்கள் ஆபீஸில், பிரசன்டேஷனில் நன்றாகப் பேசுவது எப்படி என்று ஒரு வகுப்பு. வேறொரு ட்ரெய்னர். முதல் ஸ்லைடிலேயே கொட்டை எழுத்தில், 'உங்கள் சொந்தக் கதையிலிருந்து தொடங்குங்கள்.' அடுத்த ஸ்லைடு, 'வீட்டில் பேசுவது போலவே பேசுங்கள்.' அவருடைய அப்பாவின் பழைய சைக்கிளைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்...

அன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் செய்தபோது அது குறை. இன்றைக்கு மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஒருவர் செய்தால் அது டெக்னிக். யார் வாயில் வருகிறது என்பதை வைத்தா ஒரு பேச்சுக்கு மதிப்புப் போடுவது?

வெளியே வந்து பர்வீனுக்குப் போன் போட்டேன். இப்போது பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"வுடு புள்ள. அது எந்தக் காலத்துக் கதை."

கொஞ்ச நேரம் வேறு என்னென்னவோ பேசினோம். நடுவில், பள்ளி ஆண்டு விழாவில் தன்னைப் பேசச் சொன்னதாகவும், முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

"ஏன்டி?" என்றேன்.

பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்குத்தான் மேடையில பேச வராதுல்ல..."