மகளுக்காக நான் நின்ற பெரட்டு

பரீட்சைக்கும் எனக்கும் ஆகாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மூன்றாம் வகுப்பு வரை போனேன். போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். படித்தேன் என்று சொன்னால் அந்த வாத்தியாருக்குக் கெட்ட பெயர். அதனால் என் மகள் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் அந்த வகுப்பின் அரசாங்கப் பரீட்சை நடக்காது என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. நாட்டுக்கே என் புத்தி வந்துவிட்டது என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னேன். பிறகு அவள் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்துக்கு வந்தாள். அந்தப் பரீட்சையையும் எடுத்துவிட்டார்கள். இவள் நடந்து வருகிற வழியில் பரீட்சைகள் தாமாக எழுந்து ஒதுங்கி நிற்கின்றன என்று நினைத்து, மகள் மேல் எனக்கு ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது.

ஐந்தாம் படிவத்துப் பரீட்சை மட்டும் ஒதுங்கவில்லை. எஸ்.பி.எம். இருந்த இடத்திலேயே இருந்தது. அரசாங்கப் பரீட்சை என்று அவள் எழுதப்போகிற முதல் பரீட்சையும் அதுதான், பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையும் அதுதான். அதில் அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. என் மனைவி ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறாள். அம்மாவைக் கூட்டிவர என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போய்ப் போய், மகளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. நர்ஸ் படிக்க எஸ்.பி.எம். வேண்டும். அதிலும் மலாய்ப் பாடத்தில் தேறாவிட்டால் மற்றது எதில் தேறினாலும் சான்றிதழ் கையில் வராது. இதையெல்லாம் அவள் என்னிடம் பல முறை சொன்னாளாம். நான் தலையை ஆட்டினேனாம்.

நான் வீடு வீடாகக் கேஸ் தோங் போடுகிறவன். தோங் என்றால் சமையல் கேஸ் சிலிண்டர். தோளில் தோங், காதில் போன், வாயில் பாட்டு, இதுதான் என் வேலை. இது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவது. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தை மூடியபோது ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்த சனம் பேராக் மாநிலம் முழுவதும் சிதறிப் போனது. பாகான் செராயில் பெரியப்பா வீடு, ஆயர் தாவாரில் அக்கா வீடு. சிதறினவர்கள் சும்மா இருப்பார்களா? கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று மாறி மாறிக் கூப்பிடுவார்கள். மனைவிக்கு லீவு கிடைக்காது. நான் தனியாகப் போனால் நன்றாகவா இருக்கும்? மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். பரீட்சையே வைக்காத பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பது என் கணக்கு.

பள்ளிக்கூடத்திலிருந்து போனுக்குச் செய்தி வரும். "மதிப்பிற்குரிய துவான், புவான்" என்று மலாயில் ஐயா, அம்மா போட்டு மரியாதையாக ஆரம்பிக்கும். மரியாதையாக ஆரம்பிக்கிற எதையும் நான் முழுதாகப் படித்ததில்லை. வங்கிக்காரனும் அப்படித்தான் ஆரம்பிப்பான். ஆனாலும் பதில் போடாமல் இருக்கக்கூடாது அல்லவா? கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தை அனுப்பிவிடுவேன். அவை எச்சரிக்கைகள் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் எச்சரிக்கைக்குக் கட்டை விரல் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதற்குக் கட்டை விரலோடு ஒரு ரோஜாப் பூவும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது எச்சரிக்கைக்கு நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். மகளின் வகுப்பாசிரியை ஒரு தமிழ் அம்மா. அவர் பேச ஆரம்பித்ததும் மகள் தரையைப் பார்த்தாள்.

"அண்ணே, ரோஜாப் பூ அனுப்புனது நீங்கதானே?"

"ஆமா டீச்சர்."

"இன்னொரு தடவை காரணமில்லாம வராம இருந்தா பேரை எடுத்துருவாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா இவ பரீட்சை எழுத முடியாது. தனியா பதிஞ்சு, அடுத்த வருஷம் எழுத வேண்டியதுதான்."

"எல்லாத்துக்கும் காரணம் இருக்கு டீச்சர். பெரியம்மா கருமாதி, சித்தப்பா மகன் கல்யாணம்…"

"அதெல்லாம் உங்களுக்குக் காரணம்ணே. பள்ளிக்கூடத்துக்கு இல்ல."

மோட்டாரில் திரும்பும்போது மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி பேசினாள், மகளுக்கும் சேர்த்து.

அதன் பிறகு நான் ஒழுங்காகிவிட்டேன். யார் வீட்டு விசேஷத்துக்கும் மகளைக் கூப்பிடவில்லை. இப்படியிருக்க, எஸ்.பி.எம்.முக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒரு காலையில் அவளுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. அன்றைக்கென்று பார்த்து மலாய் வாய்மொழித் தேர்வு. மனைவி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கிளம்பும்போது என்னிடம், "நீங்க பள்ளிக்கூடத்துல சொல்லிருங்க" என்றாள்.

போனில் சொல்லச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம் பேரை எடுத்துவிடுவார்கள் என்பதுதான். பேரை எடுப்பது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டு நடக்கும். எல்லோரும் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி பேரைக் கூப்பிடுவார். குரல் கொடுத்தால் அன்றைய வேலையில் பேர் விழும், இல்லாவிட்டால் இல்லை. அம்மாவுக்கு முடியாத நாளில் அவள் பேருக்கு அப்பா குரல் கொடுப்பார். தன் ரப்பர் மரங்களிலும் பால் வெட்டி, அவள் மரங்களிலும் வெட்டிவிட்டு வருவார். கிராணி ஒன்றும் சொல்ல மாட்டார். மரம் வெட்டியாக வேண்டும், பால் வந்தாக வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் ஒருத்தருக்கு முடியாவிட்டால் இன்னொருத்தர் போய் நிற்பது, அதுதான் நான் பார்த்து வளர்ந்த வருகைப் பதிவு.

கம்பெனி சட்டையைப் போட்டேன், மோட்டாரை எடுத்தேன், போய்விட்டேன்.

வாசலில் காவலாளி தடுப்பான் என்று பயந்தேன். அவன் என் சட்டையில் இருந்த கேஸ் படத்தைப் பார்த்துவிட்டு, "கான்டீன் பின்னாடி" என்று மலாயில் சொல்லி கையைக் காட்டினான். தோங் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் பெரட்டுக் களம் மாதிரியே இருந்தது. ஐந்தாம் படிவத்து வரிசையைத் தேடிப் பிடித்துக் கடைசியில் போய் நின்றேன். தேசியகீதம் பாடினார்கள். அது எனக்குத் தெரியும், சத்தமாகவே பாடினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன் என்று நினைக்கிறேன். முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்கிள், யார் நீங்க?" என்றாள் ஒருத்தி.

மகள் பேரைச் சொல்லி, "அவளுக்குப் பதிலா" என்றேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்புக்குள் போனபோது மகளின் நாற்காலியை எனக்குக் காட்டியதும் அவள்தான். நல்ல பிள்ளை. நாற்காலிதான் என் இடுப்புக்குப் பற்றவில்லை. டீச்சர் வந்தார், பேர் கூப்பிட்டார். மகள் பேர் வந்ததும் எழுந்து நின்று, "இருக்கேன் டீச்சர்!" என்றேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது.

சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, என்ன இது?"

"காய்ச்சல் டீச்சர் அவளுக்கு. பேரை எடுத்துறாதீங்கலா. இன்னைக்கு ஃபுல்லா நான் இருக்கேன். ரீஹாட் இடைவேளைக்குக்கூட வெளிய போக மாட்டேன்."

"கிளினிக்குப் போனாங்களா?"

"போயிருக்காங்க."

"டாக்டர் மெடிக்கல் லீவுக்கு எம்.சி. குடுப்பாருல்ல? அதைப் போன்ல படம் புடிச்சு அனுப்புனா போதும்ணே. காய்ச்சலுக்கு யாரும் பேரை எடுக்க மாட்டாங்க."

"ஆளே வந்திருக்கேன், படம் எதுக்கு டீச்சர்?"

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். என்னை வகுப்புக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். நாற்காலியைக் கழற்ற இரண்டு பிள்ளைகள் உதவினார்கள்.

"வருகை பிரச்சினை இல்லண்ணே. வாய்மொழித் தேர்வுதான் பிரச்சினை. நாளையோட முடிச்சு புள்ளிய அனுப்பிறணும். நாளைக்கு அவ கண்டிப்பா வரணும்."

"மலாய்ல பேசணும், அவ்வளவுதானே? நான் பேசட்டுமா டீச்சர்? நாள் பூரா மலாய்லதான் பேசுறேன்."

"தலைப்பு, இளையோரிடம் வாசிக்கும் பழக்கம். பேசுங்க பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதும் எத்தனை தோங், காலித் தோங் எங்கே, நாயைக் கட்டுங்கள் என்பதற்குள் அடங்கிவிட்டது. வாசிக்கும் பழக்கத்தை இதற்குள் எப்படிக் கொண்டுவருவது?

"நாளைக்கு அவளையே கூட்டிட்டு வாரேன் டீச்சர்" என்றேன்.

"நாளைக்கு யாருக்கும் கல்யாணம் இல்லையே?"

"சத்தியமா இல்ல."

சத்தியம் செய்யும்போது நான் பொய் சொல்லவில்லை. கல்யாணம் இல்லைதான். ஆயர் தாவாரில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. என் மண்டையில் அது ஏறவே இல்லை. அன்று சாயங்காலம் அக்கா போன் போட்டபோதுதான் ஏறியது. மகள் பாயில் படுத்து, தலைப்பைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"டேய், காலையிலயே வந்துரு. மகளுக்குப் பாவாடை தாவணி கட்டி கூட்டிட்டு வா. சீர்த்தட்டு தூக்கணும்."

"அவ வர மாட்டாக்கா. பரீட்சை."

"எஸ்.பி.எம். இப்ப இல்லேன்னு சொன்ன?"

"இது வாயால பேசுற பரீட்சை. எழுதறது அப்புறம்."

"வாயால பேசுறதுக்கெல்லாமாடா பரீட்சை வைக்கிறாங்க? தட்டு ஒத்தப்படையா வரணும்டா. தாய்மாமன் வீட்டுத் தட்டு வராம எப்படி வளையல் போடுறது? ஊருக்கே போறே, என் வீட்டுக்குன்னா மட்டும் உனக்குப் பரீட்சை வருதா?"

 எனக்கு ஒரே அக்கா. அக்கா அழுதால் எனக்குத் தாங்காது, அது அவளுக்கும் தெரியும். லேசாக மூக்கை உறிஞ்சினாள். மகள் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும், எப்போதும் என்ன சொல்வேனோ அதைத்தான். புத்தகத்தை மூடிக்கூட வைத்துவிட்டாள். அவள் அப்படி மூடியதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது.

"அவ வர மாட்டாக்கா," என்றேன். "நான் வாரேன். தட்டு நான் தூக்குறேன்."

"நீயா? பொம்பளைங்க வரிசையிலயா?"

"மீசைய வேணும்னா எடுத்துறட்டுமா?"

அக்கா போனை வைத்துவிட்டாள். மகள் புத்தகத்தைத் திறந்தாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு என் மழைச்சட்டையை மாட்டி, மோட்டாரில் மெதுவாக ஓட்டிப் போய்ப் பள்ளி வாசலில் இறக்கினேன். முகம் வெளிறியிருந்தது. கால் கொஞ்சம் தடுமாறியது. "தண்ணி குடிச்சிட்டுப் பேசு" என்றேன். வேறு என்ன சொல்ல, பரீட்சையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காவலாளி என்னைப் பார்த்து, "கான்டீன்?" என்றான். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஆயர் தாவாருக்கு மோட்டாரைத் திருப்பினேன்.

அக்கா வீட்டில் பெண்கள் எல்லாரும் பட்டுச் சேலையில் தட்டோடு வரிசையாக நின்றார்கள். வெள்ளை வேட்டியில் நான் கடைசியில் போய் நின்றேன். என் தட்டில் பழமும் வளையலும் பூவும். எனக்கு முன்னால் நின்ற சின்னம்மா திரும்பிப் பார்த்து, "என்னப்பா, உன் மகள் எங்க?" என்றார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அதையே கேட்டார். வரிசை முழுக்கக் கேட்டு முடித்தது. "பரீட்சை, பரீட்சை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தச் சொல்லை என் ஆயுளில் அவ்வளவு முறை நான் சொன்னதில்லை. பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்கு என் மீசையைப் பார்த்துச் சிரிப்பு.

மேளம் ஆரம்பித்து வரிசை நகர்ந்தபோது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு கை வேண்டுமே என்று தட்டைத் தூக்கி, வழக்கம் போலத் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்தேன். மகள் தமிழில் அனுப்பியிருந்தாள், மரியாதையெல்லாம் இல்லாமல்: "பேசிட்டேன்ப்பா. நல்லா வந்துச்சு. டீச்சர் நவம்பர்ல எஸ்.பி.எம். எழுத வான்னு சொல்லிட்டாங்க. பசிக்குது."

முழுதாகப் படித்தேன். திரும்பவும் படித்தேன். வரிசை எனக்கு முன்னால் நகர்ந்து போய்விட்டது, நான் நடுவீட்டில் தோளில் தட்டோடு தனியாக நின்றேன். ஒரு ஆரஞ்சு உருண்டு மேளக்காரர் காலடிக்குப் போனது.

"பேசிட்டாளாம்க்கா!" என்று கத்தினேன். "நல்லா வந்துச்சாம்!"

மணையில் உட்கார்ந்திருந்த தன் மகளுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முறைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"சந்தோஷம்டா," என்றாள். "அது கேஸ் தோங் இல்ல, சீர்த்தட்டு. தோள விட்டு எறக்கு."