தகப்பன் பெயரோடு கூப்பிட்டவர்

இந்த நாட்டில் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டு ஜூடிகூட வேலிக்கு அப்பால் நின்று அரைமணி நேரம் கதைப்பாள். உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னால் அடுத்த வாரம் ஒரு நாள் குறிப்பாள். அதனால் யாராவது கதவைத் தட்டினால் எனக்கு நெஞ்சு திக்கென்றுவிடும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசல் படலை பகல் முழுவதும் திறந்தே கிடந்தது. இங்கே நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்கப் பழகினேன். சிட்னியின் புறநகரான டூங்கபியில் நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த, சிமெந்துத் தகடு அடித்த ஃபைப்ரோ வீட்டுக்குச் சுவரும் மெல்லிசு, கதவும் மெல்லிசு. அந்தக் கதவை ஒருவன் தட்டிய கதையைத்தான் எழுதுகிறேன். என் கணவரை ஒலிபெருக்கிக் குரலாக மட்டும் அறிந்த ஊரவர்களுக்கு அவருடைய இந்தப் பக்கம் தெரியாது. அவர் போய்விட்டார், இனி நான்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் அவர் செல்வரத்தினம் மாஸ்டர். வகுப்பில் கணிதம், மைதானத்தில் மைக். விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் ஒரு பள்ளிக்கூடம் விடாமல் அவரைக் கூப்பிடும். அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்த் தகப்பன் பெயரையும் இருப்பிடத்தையும் கேட்டு மனதில் வைத்துக்கொள்வார். பிறகு, "மூன்றாவது ஓடுபாதையில், புலோலி கணபதிப்பிள்ளை அவர்களின் புதல்வன் நடராசா!" என்று முழங்குவார். கூட்டத்தில் நிற்கும் கணபதிப்பிள்ளை சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்வார். "வெண்டவனுக்குக் கப் இருக்கு. மற்றப் பிள்ளையளின்ர தகப்பன்மாருக்கு என்ன இருக்கு?" என்று இவர் பிறகு என்னிடம் கேட்பார். குடாநாட்டுத் தகப்பன்மார் அத்தனை பேரையும் ஞாபகம் வைத்திருந்த மனிதருக்குச் சீனி வாங்கி வர மட்டும் ஞாபகம் இராது.

எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்தோம். ஓர் உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. முதல் வருடம் தகுதிகாண் காலம். பிள்ளைகள் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்கள், அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் எதையாவது எறிந்தார்கள். அந்தப் பெரிய குரல் காணாமற் போனது. வீட்டிலும் இரகசியம் சொல்வதுபோலக் கதைத்தார். வேலை போனால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் பயம்.  அப்படியிருக்க, பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது வழக்கமாக அறிவிப்புச் செய்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இவர் கையை உயர்த்திவிட்டார். அன்று நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்று பாடினார், அதுவும் சுருதி சேராமல்.

வெள்ளிக்கிழமை நடந்த போட்டிக்கு நானும் போனேன். முதல் ஓட்டத்திலேயே தகப்பன் பெயர், இருப்பிடம் எல்லாம் வந்தன. சனம் விழித்தது, சிரித்தது, பிறகு கைதட்டத் தொடங்கியது. ஒரு தகப்பன் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்பிள்ளைகளின் ஓட்டம் வந்தது. "நான்காவது ஓடுபாதையில், கிரவீனைச் சேர்ந்த திரு. ரேமண்ட் அவர்களின் மகள் டெபி!" என்றார். ஓட்டம் தொடங்கும் வெடி வெடித்தது. மற்றவர்கள் ஓடினார்கள். டெபி நின்ற இடத்திலேயே நின்றாள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் பாய்ந்து வந்து அவளை இழுத்துக்கொண்டு கார்கள் நின்ற பக்கம் ஓடினாள்.

பள்ளியின் பிரதி அதிபர் வந்து மைக்கை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"பெயரைப் பிழையாக உச்சரித்துவிட்டேனா, சேர்?" என்று இவர் கேட்டார்.

"இல்லை, சரியாகத்தான் சொன்னீர்கள். அதுதான் பிரச்சினை."

அந்தத் தாயும் மகளும், அடித்து நொறுக்கும் ரேமண்டிடமிருந்து தப்பி நியூகாஸிலிலிருந்து எங்களுக்குப் பக்கத்து ஊரான கிரவீனுக்கு வந்து ஒளிந்திருந்தார்கள். அது பள்ளியில் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். மாஸ்டர் கேட்கிறாரே என்று அந்தப் பிள்ளை தகப்பன் பெயரையும் தெருவையும் இவரிடம் சொல்லியிருக்கிறாள். பொலிஸுக்கு அறிவித்தார்கள். ஆனால் வேறு வீடு திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதுவரை அவர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

"தகப்பனுக்கு ஒளிச்சு ஒரு பிள்ளை இருக்கும் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லையப்பா," என்றார் இவர், வீடு திரும்பும் பஸ்ஸில். "அந்தப் பிள்ளைக்கு ஒண்டெண்டா நான் என்னெண்டு உயிரோட இருக்கிறது?"  அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. நல்ல உயரமான மனிதன், இஸ்திரி போட்ட சட்டை. டெலிபோன் புத்தகத்தில் எங்கள் பெயரைப் போல வேறு பெயர் இல்லை, சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டான்.

"மைக்கில் என் பெயரைச் சொன்னது நீங்கள்தான் என்று ஒரு நண்பன் சொன்னான். நன்றி. கிரவீனில் எந்தத் தெரு?"

அவன் நன்றி சொன்ன விதத்தைக் கேட்டு நான் இவருக்குப் பின்னால் வந்து நின்றேன். தெரு இவருக்குத் தெரியும். இவருக்குப் பொய் வராது. சொன்னால் காது சிவந்துவிடும். "தெரியாது," என்றார். காது சிவந்தது. அவன் சப்பாத்துக் காலைக் கதவிடுக்கில் வைத்தான்.

"அவள் என் மகள். உங்கள் நாட்டில் தகப்பனுக்கு மரியாதை இல்லையா?"

கேட்கக்கூடாத மனிதரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. ஒரு கணம் இவர் சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். இவருடைய முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, உள்ள வாங்கோ!" என்று கத்தினேன். இவர் அதற்கு மாறாகக் கதவை அகலத் திறந்து, அவனைத் தாண்டிப் படியில் போய் நின்றார். மூச்சை இழுத்தார். மைக் இல்லாமலே அந்தப் பழைய குரல் வந்தது.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்! இங்கே நிற்பவர் நியூகாஸிலைச் சேர்ந்த திரு. ரேமண்ட்! மனைவியையும் மகளையும் அடித்துத் துரத்தியவர்! அவர்களைத் தேடி என் வாசலுக்கு வந்திருக்கிறார்!"

தெருவில் புல்வெட்டும் சத்தம் நின்றது. கதவுகள் திறந்தன. ஜூடி நாள் குறிக்காமல், வெறுங்காலோடு எங்கள் முற்றத்துக்குள் வந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் அவனுடைய கார் இலக்கத்தை உரக்க வாசித்தார். ரேமண்ட் சுற்றிவரப் பார்த்தான். பிறகு வாசலைவிட்டு இறங்கிக் காரில் ஏறிப் போனான். இவர் படியிலேயே குந்திவிட்டார்.

நடந்ததை நாங்கள் சொன்னதும், திங்கட்கிழமைவரை காத்திராமல் அன்று மாலையே தாயையும் மகளையும் பொலிஸ் வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. எங்கே என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இவருடைய வேலை தப்பியது. அடுத்த வருடம் மைக்கும் திரும்பக் கிடைத்தது, பிள்ளையின் பெயரை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டளையோடு.

நானும் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் எந்தப் பிள்ளையிடமும் எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தில் நின்ற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார். "முதலாவது ஓடுபாதையில், லிண்டா," என்றார். வாய் இன்னும் திறந்திருந்தது, தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் சத்தம் வரவில்லை. மைக் பழுதாகிவிட்டது என்று ஒரு பிள்ளை வயரை ஆட்டிப் பார்த்தது. சத்தம் வராத அந்த நேரம் முழுவதும் அவர் யாழ்ப்பாணத்து மைதானத்தில் நின்றார். பிறகு சிட்னிக்குத் திரும்பி வந்து, அடுத்த பெயரைச் சொன்னார்.