கலக்கக் கூடாத எண்ணெய்

பன்னிரண்டு வயதில் என்னைப் போல் ஓர் அறிவாளி மெர்போக் வட்டாரத்திலேயே கிடையாது. வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானாகவே கண்டுபிடித்துக்கொண்டதுதான். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் எதையும், பிஸ்கட் டின்னின் பின்பக்கம் வரைக்கும், சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டு எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டப் போனவர். மலாய் எழுத்தை எட்டிப் பிடித்துவிடுவார், ஆங்கிலம் சுத்தமாக வராது. வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஏதாவது காகிதம் வந்தால் என் கையில் கொடுத்துவிட்டு, நான் வாசிப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே என் தலையில் கொம்பு முளைக்க வைத்துவிட்டார் மனுஷன்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அப்பா வாங்கும்போதே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. அதற்கு அவர் ஒரே வகை எஞ்சின் எண்ணெய்தான் ஊற்றுவார். கடையில் இருப்பதிலேயே கெட்டியானது, சீனிப்பாகு போல மெதுவாக இறங்கும். உள்ளே எல்லாம் தேய்ந்துபோன எஞ்சினுக்கு அதுதான் நிற்கும், இளகலாக ஊற்றினால் இடுக்கில் ஏறி எரிந்து புகையாகப் போய்விடும் என்பார். காலையில் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, கைலித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு உருவி, அளவு பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக வரும்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்தார். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்குச் சத்தமில்லை. பின்னால் திறந்து ஓர் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் காட்டினார். ஃபுல்லி சிந்தெடிக் என்று போட்டிருந்ததை நான் உரக்க வாசித்தேன்.

“தண்ணி மாதிரிதான் இருக்கும் மச்சான், ஆனா இதுதான் லா டாப்பு. இதோட வேற எண்ணெய மட்டும் கலந்துடாதீங்க, எஞ்சின் போச்சு” என்றார் மாமா. அவர் விற்பனைக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகம் வந்திருந்த சமயம் அது. அலோர்ஸ்டாரில், காலை பத்து மணிக்கு. அக்கா சின்ன வயதிலிருந்தே டீச்சர்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைப்பாள், சொல்லாதவனைக் காதைப் பிடித்துத் தூக்குவாள். கடிதம் வந்த நாளிலிருந்து ராத்திரி சோறுகூட ஒழுங்காக இறங்கவில்லை அவளுக்கு. நேர்முகத்துக்கென்றே நீல நிறத்தில் பாஜு கூரோங், அந்த நீள மலாய்ச் சட்டை பாவாடை, தைத்து, அதைத் தொடக்கூட எங்களை விடவில்லை.

அவ்வளவு தூரம் போகிற காருக்கு நல்ல எண்ணெய் ஊற்ற வேண்டாமா என்று நான் ஆரம்பித்தேன். அப்பா தலையைச் சொறிந்தார். நம்ம வண்டிக்கு அது தாங்காதும்மா என்றார். மாமா, அம்மா, பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும்போது, “உங்களுக்குப் படிக்கத் தெரியாதுப்பா. நான் படிச்சுட்டேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இன்றைக்கு நினைத்தால் என் நாக்கை நானே இழுத்து வைத்து அறுக்கலாம் போல இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா பழைய எண்ணெயை வடித்துவிட்டு, மாமா விட்டுப் போன போத்தலிலிருந்து அந்தப் பொன்னிற எண்ணெயை ஊற்றினார். இரண்டு நாள் எஞ்சின் மெத்தென்று ஓடியது. “பாத்தீங்களா?” என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாளிலிருந்து புகைக்குழாய் நீலமாகக் கக்க ஆரம்பித்தது. அப்பா போத்தலில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தார். நேர்முகத்துக்கு முதல் நாள் போத்தல் காலி. மெர்போக் கடையில் அந்த வகை இல்லை. விடிந்ததும் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, அரைப் போத்தல் பழைய கெட்டி எண்ணெயை எடுத்துப் பின்னால் வைத்தார். எதுக்கும் இருக்கட்டும் என்றார்.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். எனக்கு வாந்தி வரும் என்று முன் சீட்டு எனக்கு. அக்கா சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டி பழசு, ஹைவேயில் விரட்ட வேண்டாம் என்று அப்பா யான் என்கிற சின்ன ஊர் வழியாகப் போகும் உள்சாலையைப் பிடித்தார். சிங்கிர் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைந்து மறுபடி எரிந்தது.

அப்பா உடனே ஓரம் கட்டினார். கம்பியை உருவினார். நுனியில்கூட எண்ணெய் இல்லை. பின்னால் போய்ப் போத்தலை எடுத்துவந்து மூடியைத் திருகினார்.

நான் பாய்ந்து இறங்கினேன். “ஐயோ, கலக்காதீங்கப்பா! கலந்தா எஞ்சின் போச்சுன்னு மாமா சொன்னாரு! அக்கா இன்டர்வியூவுக்குப் போக முடியாது!”

“அவசரத்துக்கு ஊத்தலாம் பாப்பா, ஒண்ணும் ஆகாது” என்றார் அப்பா. நான் விடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் ஓவென்று அழுதேன். வேண்டுமென்று அழவில்லை, எண்ணெய் கலந்தால் அக்காவின் வேலை போய்விடும் என்று நிஜமாகவே பயந்து அழுதேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு போத்தலை மூடிவிட்டு, யானில் ஒரு கடை இருக்கிறது, அங்கே அதே எண்ணெய் கிடைக்கும், மெதுவாகப் போய்விடலாம் என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

யானுக்கு முன்பே எஞ்சினுக்குள் டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. சத்தம் பெரிதாகி, ஒரு குலுக்கலோடு நின்றது. இரண்டு பக்கமும் நெல் வயல், ஒரு ஆள் இல்லை. கடைசியில் பிக்கப்பில் வந்த ஒரு மலாய்க்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். அலோர்ஸ்டார் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டாகப் போகிறது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் அடுத்த வருடம் மனு செய்யச் சொன்னார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அம்மா வீட்டையே ரெண்டாக்கினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “நாந்தான் எண்ணெய் பாக்காம விட்டுட்டேன்” என்றார். மாமாவும் லாரி ஓட்டுகிற மனுஷனுக்கு இதுகூடத் தெரியாதா என்று தன் பங்குக்குக் கேட்டார். அக்கா உள்ளே போய் அந்த நீல பாஜு கூரோங்கை மாற்றிக்கொண்டாள். நானோ, அப்பா சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். அவர் ஒழுங்காகப் பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. சே!

அந்தக் காரைச் சரி செய்ய முடியவில்லை. அக்கா அடுத்த வருடம் மனுப் போடவில்லை, அதற்குள் சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அப்பாவோடு கேட்ட கேள்விக்குப் பதில் என்ற அளவில்தான் பேச்சு. பிறகு அவளே ஒரு கார் வாங்கினாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பா பானெட் பக்கத்தில் போய் நிற்பார், அவள் ஒருநாளும் திறந்துவிட்டதில்லை. அப்பா காலமாகி மூன்று வருடமாகிறது.

போன மாதம் என் காரில் அதே சிவப்பு விளக்கு எரிந்தது. வொர்க்‌ஷாப் அண்ணனுக்குப் போன் போட்டு, வேறு எண்ணெய்தான் இருக்கிறது, கலக்கலாமா என்று கேட்டேன். “எது கையில இருக்கோ அத ஊத்திட்டு வாங்க தங்கச்சி. ஊத்தாமதான் வரக்கூடாது” என்றார். அன்றைக்கு அப்பா சொன்னதும் இதேதான்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா மேல் தப்பில்லை, நான்தான் கெடுத்தேன் என்றேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

“நான் பின்னாலதானே உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன்க்கா அவரோட பேசாம...”

“நீ சின்னப் பிள்ளை. அவரு சின்னப் பிள்ளையா? நீ அழுதா அழுதுட்டுப் போகட்டும்னு ஊத்தியிருக்கலாம்ல? கையில போத்தல வச்சுக்கிட்டு உன் மூஞ்சியத்தான் பாத்தாரு. என் பக்கம் ஒரு தடவ திரும்பல.”

அப்பா போத்தலை மூடியபோது நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் மூடுகிறார் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அழுகையைப் பார்க்க மாட்டாமல்தான் மூடினார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. பின் சீட்டில் ஒருத்தி அழாமல் உட்கார்ந்திருந்தாள் என்பதும் தெரியவில்லை.