ஆறாவது பிரேமுக்கும் ஏழாவது பிரேமுக்கும் நடுவில்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றும் சந்தேகம் வரும். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

காளவாசல் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இனி இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று முதலாளி பாய் எழுதச் சொன்னார்.

கல்யாண வீட்டில் எனக்கு வேலை ஓடாது. "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லவே வாய் வராது. பாய் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னை ஆற்றுக்கு அனுப்ப ஆரம்பித்தார். வைகையில் துணி வெளுப்பவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், திருவிழாக் கூட்டம் எல்லாவற்றையும் தூரத்தில் நின்று நீளப்படமாக, அதாவது பனோரமாவாக, எடுப்பேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

நீளப்படம் ஒரே கிளிக்கில் வராது. டிரைபாடில் கேமராவை வைத்து, இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டு, பத்து பிரேம், அதாவது தனித்தனிப் படம், எடுக்க வேண்டும். ஒரு பிரேமில் விழுந்ததில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த பிரேமிலும் விழ வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டுவோம். எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, லாக் செய்யாவிட்டால் தண்ணீர் பட்டை பட்டையாகத் தெரியும். அதைவிடத் தொல்லை நடக்கிற ஆட்கள். கேமரா திரும்பும் பக்கமே ஒருவர் நடந்தால் இரண்டு பிரேமிலும் விழுவார். ஒட்டும்போது ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பார். அதை 'கோஸ்ட்' என்போம். கோஸ்டை அழிப்பதில் கடையில் எனக்கு நல்ல பெயர்.

மூன்று வருடத்துக்கு முன் பரவையைத் தாண்டி ஆற்றோரத்து ஊர் ஒன்றில் முளைப்பாரி. சட்டியில் வளர்த்த பயிரைப் பெண்கள் தலையில் சுமந்து வந்து ஆற்றில் கரைப்பார்கள். அந்த வருடம் எல்லாரும் ஒரே கடையில் எடுத்த மஞ்சள் சேலை, அரக்கு பார்டர். ஊர்ச் சாவடியில் மாட்ட ஒரு நீளப்படம் கேட்டார்கள். ஆற்றுக்குள் ஒரு மணல் திட்டில் நின்று ஒன்பது பிரேம் எடுத்தேன். வரிசையும் கேமரா திரும்பும் பக்கமே நடந்தது. கடைக்கு வந்து ஒட்டினால் ஒரே கோஸ்ட். ஒவ்வொன்றாக அழித்தேன். ஆறாவதும் ஏழாவதும் ஒட்டுகிற இடத்தில் ஒரே உயரத்தில் இரண்டு பெண்கள். பயிர் தொங்கி முகத்தை மறைத்திருந்தது. இருவரும் இடது கையால் சட்டியைப் பிடித்திருந்தார்கள். ஒரே ஆள்தான் என்று நினைத்து ஒன்றை அழித்து, அந்த இடத்தில் தண்ணீரை நிரப்பினேன். ஒட்டுத் தெரியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

படம் மாட்டிய மறுநாள் ஒரு பெண் கடைக்கு வந்தார். பெயர் செல்வி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"யாரு சொல்லி என்னைய அழிச்சீக?"

நான் பாயைப் பார்த்தேன். பாய்தான், "என்னம்மா விஷயம், நிதானமா சொல்லு" என்றார்.

அவர் புருஷன் இறந்து நாலு வருடம். தாலி இல்லாதவள் முளைப்பாரி தூக்கக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். சண்டை போட்டு அந்த வருடம்தான் தூக்கினார். படத்தில் எல்லாரும் விரல் வைத்துத் தங்களைக் கண்டுபிடித்தபோது, இவர் மட்டும் இல்லை.

"ஆத்தாளுக்கே பொறுக்கல, படத்துலகூட விழல பாருன்னு பேசுறாக. அடுத்த வருசம் சட்டிய தொடவிட மாட்டாக."

"தப்பு நம்ம மேலதான். புதுசா பிரிண்ட் போட்டு மாட்டிருவோம்மா" என்றார் பாய்.

"நான் கெஞ்சி ஒட்டச் சொன்னேன்னுவாக, பாய். அழிச்சவரு வந்து சொல்லட்டும்."

பாய் என்னைப் பார்த்தார். "நீதான்டா போகணும். நான் பேசுனா வியாபாரம்னுருவாங்க."

அன்று சாயங்காலமே போனேன். படம் மாட்டி முடிந்து ஒரு மாதம் வரை மெமரி கார்டை பார்மட் செய்யக்கூடாது என்பது பாய் வைத்த சட்டம். அதனால் கார்டு அப்படியே இருந்தது. லேப்டாப்போடு கேமராவையும் எடுத்துக்கொண்டேன்.

சாவடியில் நாற்பது, ஐம்பது பேர். திருவிழாக் கமிட்டித் தலைவர் பெரிய மீசைக்காரர். லேப்டாப்பைத் திறந்ததுமே, "இதுல மாப்ள, குரங்கு தலையிலகூட முளைப்பாரிய ஏத்திக் காட்டலாம்" என்றார். சிரித்தார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு, கேமராவைத் தட்டி, எடுத்தபடியே இருந்த ஆறாவது பிரேமில் அந்த ஓரத்துப் பெண்ணைக் காட்டினேன்.

"இது யாருங்க?"

"என் மருமக" என்றார் ஒரு அம்மா.

ஏழாவதைத் தள்ளி, கையைப் பெரிதாக்கினேன். அதுவரை நானே அந்தக் கையைச் சரியாகப் பார்த்ததில்லை. ஆறாவதில் இருந்த கையில் முழங்கை வரை கண்ணாடி வளையல். இதில் ஒன்றுகூட இல்லை. வெறும் மணிக்கட்டு.

தலைவர் கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து செல்வியின் கையைப் பார்த்தார். செல்வி கையை மறைக்கவில்லை.

"அப்ப விழுந்துருக்கு" என்றார் தலைவர்.

"விழுந்துச்சுங்க. சாமி அழிக்கலங்க. நான்தான் அழிச்சேன். ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நினைச்சுட்டேன்."

அத்தனை பேர் முன்னால் அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த மாமியார் மட்டும், "என் மருமகளும் இவளும் ஒண்ணாய்யா? கண்ணாடி போடு" என்றார். மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை செல்வியும் சிரித்தார்.

இரண்டு நாளில் புதுப்படம் மாட்டினோம். அடுத்த வருடம் சட்டி கொடுப்பதா வேண்டாமா என்று அன்று யாரும் சொல்லவில்லை.

மறு வருடம் அதே மணல் திட்டில் டிரைபாட் போட்டேன். கரையில் வரிசை வந்து நின்றது. நடுவில் வளையல் இல்லாத ஒரு கை சட்டியைப் பிடித்திருந்தது. அங்கிருந்தே செல்வி சத்தம் போட்டார்.

"அண்ணே, எம்புட்டுப் பேருன்னு எண்ணிக்கிட்டீகளா?"

"நாப்பத்திமூணு!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு, கேமராவைத் தொடுமுன் ஆட்களை எண்ணி நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஒட்டியபின் மறுபடி எண்ணுகிறேன். ஆளை அழிக்குமுன் சேலையைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். ஒட்டுத் தெரிந்தால் படம்தான் கெடும், ஆளை அழித்தால் ஒருவர் மானமே போகும்.

எழுதி முடித்தது: ஆவணி 12, வியாழக்கிழமை.