சுண்ணாம்புக்கு அடியில் அண்ணன் போட்ட சுழி

இதை எழுதிவிட வேண்டும் என்று எத்தனையோ தைப்பூசத்துக்கு முருகன் முன்னால் நின்று நினைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தால் கை ஓடாது. அண்ணி உயிரோடு இருந்தார், அதுதான் காரணம். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அவர் நடமாடுகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் துக்கத்தைக் காகிதத்தில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. போன ஆடி மாதம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனித் தயங்கினால் நானும் போய்விடுவேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச காலம் படித்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்தது. அப்பா தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, சர்க்கார் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் கூலி வேலைக்குச் சேர்ந்தார். அண்ணனும் நானும் அவர் பின்னால் போனோம். அண்ணன் கையில் ஓர் அழகு இருந்தது. அதனால் சுவரில் பெயர் எழுதுகிற வேலை அவருக்கு வந்தது. ஏணி பிடிப்பதும் சுண்ணாம்பு கரைப்பதும் எனக்கு.

மலாக்காவில் சுண்ணாம்பு அடிக்கிறவன் தனியாகச் சரித்திரம் படிக்க வேண்டியதில்லை. பழைய சுவரைச் சுரண்டினால் ஏடு ஏடாக உரியும். வெள்ளைக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஏதோ ஒரு வெள்ளை. மத்தியானம் பழைய கோட்டை வாசலின் நிழலில் சோறு தின்னும்போது அப்பா சொல்வார். இங்கே சுல்தான் ஆண்டாராம். பறங்கி வந்து அரண்மனையையும் மசூதியையும் இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினானாம். டச்சுக்காரன் கோட்டையைப் பிடித்துத் தன் முத்திரையை வைத்தானாம். வெள்ளைக்காரன் வந்து வெடி வைத்துத் தகர்த்ததில் இந்த ஒரு வாசல்தான் மிச்சமாம்.

"எல்லாப் பயலும் இனி நாமதான்னு நெனச்சுத்தான்டா கல்லுல பேர வெட்டுனானுங்க. இப்ப பாரு, நாம அதுக்குக் கீழ குந்திக்கிட்டுக் கருவாடு கடிக்கிறோம்" என்பார். அண்ணன் சிரிப்பார், எனக்குப் புரையேறும்.

எங்கள் வீட்டு வேலை முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தச் சுவரில் கை வைத்தாலும் முதலில் இடது மேல்மூலையில் பிள்ளையார் சுழி போடுவோம். அப்பாவும் நானும் வெறும் சுண்ணாம்பில் போடுவதால் அது அடிக்கிற சுண்ணாம்போடு கலந்துவிடும். அண்ணன் எழுத்து வேலைக்காரர் ஆனதால் கறுப்புச் சாயத்தில் சின்னதாகப் போடுவார். வேலை முடிந்து இறங்கும்போது அதன் மேல் சுண்ணாம்பை ஓர் இழுப்பு இழுத்து மறைத்துவிடுவார். சர்க்கார் சுவரில் சாமி இருப்பது சாமிக்குத் தெரிந்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அசைக்க முடியாது என்று நாங்கள் நினைத்த வெள்ளைக்கார ஆட்சி, காய்ந்த ஓலைக்கூரை போலச் சரிந்தது. ஆற்றங்கரையில் ஒரு பெரிய கிடங்கு உண்டு. அதன் சுவரிலிருந்த இங்கிலீஷ் எழுத்தை அழித்து ஜப்பான் எழுத்து எழுதச் சொன்னார்கள். ஒரு தாளில் வரைந்து கொடுத்ததை அண்ணன் கோலம் போடுவதுபோல் பார்த்துப் பார்த்து இழுத்தார்.

"என்னடா எழுதியிருக்கு?" என்று கீழேயிருந்து அப்பா கேட்டார்.

"யாருக்குப்பா தெரியும்? நம்மளத் திட்டித்தான் எழுதச் சொன்னானோ என்னமோ. திட்டா இருந்தாலும் அழகா இருக்குல்ல?"

அழகாகத்தான் இருந்தது. அந்த அழகே அவருக்கு வினையாகிவிட்டது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஸ்டேஷன்களுக்குப் பெயர்ப்பலகை எழுத ஆள் வேண்டும், சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லி அவரை லாரியில் ஏற்றினார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய காலமில்லை அது. அண்ணிக்குக் கல்யாணம் ஆகி ஒரு தீபாவளிதான் ஆகியிருந்தது. லாரி கிளம்பும்போது அண்ணன், "அழாத. ஒனக்கு ஒரு சயாம் சேல வாங்கியாரேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் குரலை எங்களில் யாரும் கேட்கவில்லை.

ஜப்பான் விழுந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். காலில் புண், முகத்தில் வெறும் எலும்பு. பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப்பக்கம் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேட்டு அப்பாவும் அண்ணியும் நானும் ஓடினோம். அந்த மனிதர் அண்ணி முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"காலரா கேம்புக்குத் தூக்கிட்டுப் போனத பாத்தேன்மா. அதுக்கப்புறம் எங்கள வேற எடத்துக்கு மாத்திட்டானுங்க. கண்ணால பாக்காதத நான் சொல்ல மாட்டேன்."

வரும் வழியெல்லாம் அண்ணி அந்தக் கடைசிப் பேச்சையே பிடித்துக்கொண்டார். "பாக்கலன்னுதான் சொன்னாரு. செத்துட்டாருன்னு சொல்லல" என்றார். பொட்டும் தாலியும் இருந்தபடியே இருந்தன.

அவரைத் தேற்ற அப்பா ஒன்று சொன்னார். புது ராஜா முடிசூடும் நாளில் சிறையை எல்லாம் திறந்துவிடுவார்கள் என்று கோயில் கதையில் கேட்டிருக்கிறோம் அல்லவா, அதைச் சொன்னார். கொடி மாறினால் பிடித்து வைத்திருக்கிற ஆளை எல்லாம் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். எங்களைப் போன்ற ஜனங்களுக்குத்தான் அப்படி ஒரு தப்புக்கணக்கு வரும். ராஜா என்றால் கதையில் வருகிற ராஜா என்றே நினைத்துவிட்டோம்.

மறுபடியும் வெள்ளைக்காரன் கொடி ஏறியது. அண்ணன் வரவில்லை.

"கொடி மாறிடுச்சே மாமா, ஏன் இன்னும் விடல?" என்று அண்ணி கேட்டார்.

அப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "இவன் புது ராஜா இல்லியேம்மா. பழைய ராஜாதானே திரும்பி வந்துருக்கான். புது ராஜ்யம் வரட்டும்" என்றார்.

ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு அது. அண்ணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். புது ராஜ்யம் வருவதைப் பார்க்காமலே அப்பா கண்ணை மூடினார். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததுமே, கிடங்குச் சுவரிலிருந்த ஜப்பான் எழுத்தை, அவசரத்தில் சுரண்டாமலே அவரும் நானும் ஒரே கையாகச் சுண்ணாம்பு அடித்து மூடியிருந்தோம். அந்தச் சுவரை நான் அடியோடு மறந்துபோனேன்.

பக்கத்துச் சந்தில் மலாக்காச் செட்டிகள் இருந்தார்கள். நம்மைப் போலவே திருநீறு பூசுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். போகி அன்று போய்ச் சேர்ந்தவர்களுக்கு வாழை இலை விரித்துப் படைப்பார்கள். எங்கள் வேலியை ஒட்டிய செட்டி வீட்டு அம்மாளுக்கு அண்ணிமேல் பிரியம். ஒரு போகிக்கு வேலிப்பக்கம் வந்து, "காசியான் லா, லாப்பார் டியா" என்றார். பாவம், அவன் பசியோடு இருப்பான், அவனுக்கும் ஓர் இலை போடு என்று சொல்ல வந்தார்.

"உசிரோட இருக்குற மனுசனுக்கு எல போடச் சொல்றீங்களா? ஒங்க வாயில..." என்று ஆரம்பித்த அண்ணி பாதியில் நிறுத்தி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு போகிக்கும் எங்கள் வீட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்பார்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறது என்ற பேச்சு வந்தது. தேதியை எங்கள் ஊர் பாடாங் திடலில்தான் அறிவித்தார்கள். கூட்டத்தில் அண்ணியும் நின்றார். எல்லாரும் கத்தினார்கள், அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து, "நம்ம ஆளுங்களே ராஜாவாகப் போறாங்களாம். இதுதானே தம்பி புது ராஜ்யம்?" என்று கேட்டார். ஆமாம் அண்ணி என்று மட்டும் சொன்னேன்.

அந்த நாள் நெருங்கியபோது டவுன் முழுக்கச் சுவர் அடிக்கச் சொன்னார்கள். கிடங்கையும் சொன்னார்கள். இந்த முறை நன்றாகச் சுரண்டிவிட்டு அடிக்க வேண்டும் என்பது மண்டோரின் உத்தரவு. எங்களுக்கு மேலாக நின்று வேலை வாங்குகிறவர் அவர். நான் ஏணியில் ஏறிச் சுரண்டினேன். பழைய சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது. ஜப்பான் எழுத்தின் ஒரு கால் தெரிந்தது. பிறகு இடது மேல்மூலையில், கறுப்பாக, சின்னதாக, அண்ணன் போட்ட பிள்ளையார் சுழி.

ஏணியில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த மூலையைத் தவிர்த்துவிட்டு மற்ற இடத்தை எல்லாம் அடித்து முடித்தேன். வீட்டில் சொல்லவில்லை. அண்ணி அண்ணன் வருவதற்காக வீட்டை மெழுகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போய் என்ன சொல்வேன்?

மெர்டேக்கா நாள் காலையில் அண்ணி கல்யாணச் சேலையைக் கட்டினார். கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு வைத்தார். இலை விரித்துத் தண்ணீர் தெளித்து வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். ரோட்டில் லாரி லாரியாக ஆட்கள் கொடி பிடித்துக் கத்திக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு லாரி நிற்கும்போதும் அவர் எழுந்தார். பொழுது சாய்ந்தது. இலை காய்ந்து ஓரம் சுருண்டது. "மொத நாளு இல்லியா, ஆயிரம் வேல இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டு இலையை எடுத்தார்.

மறுநாளும் இலை போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார். தீபாவளி வந்துபோனது.

ஒரு நாள் மண்டோர் கிடங்குப் பக்கம் வந்து மேலே பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "என்னய்யா அந்த மூலைய நாய் நக்குன மாதிரி விட்டு வச்சிருக்க? நாளைக்கு அடிக்கல, ஒனக்கு இங்க வேல இல்ல."

அன்று சாயங்காலம்தான் அண்ணியிடம் சொன்னேன். அவர் உடனே என்னோடு புறப்பட்டு வந்தார். கிடங்குக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். ஏணியை வைக்கச் சொல்லி, நான் கீழே பிடித்துக்கொள்ள, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். அந்தச் சுழியின்மேல் விரல் வைத்து, அது போகிற வழியிலேயே மெதுவாகத் தடவினார். சுரண்டாமல் மிச்சமிருந்த ஜப்பான் எழுத்தின் காலையும் பார்த்தார்.

இறங்கி வந்து கேட்டார். "ஜப்பான்காரன் எழுதச் சொன்னான், எழுதுனாரு. வெள்ளக்காரன் மூடச் சொன்னான். இப்ப இந்தப் புது ராஜாவும் மூடத்தான் சொல்றானா தம்பி?"

"ஆமா அண்ணி. நாளைக்கே அடிக்கணுமாம்."

"யாரு எழுதுனதுன்னு கேட்டானா?"

"இல்ல."

ஆற்றில் ஒரு படகுக்காரன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனான். அண்ணி அந்தப் படகு மறையும் வரை பார்த்தார்.

"அப்ப நீங்களே மூடுங்க. வேற கை வேணாம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் போனேன். சுவரில் கை வைக்கும் முன் சுழி போட வேண்டும் அல்லவா? அண்ணன் போட்ட கோட்டின் மேலேயே சுண்ணாம்பு மட்டையை வைத்து, அதே வளைவில் இழுத்தேன். பிறகு மூலை முழுவதையும் அடித்தேன். காய்ந்த பிறகு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து வந்த அமாவாசையன்று கடற்கரையில் பண்டாரம் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து கொடுத்தார். உடல் கிடைக்காத மனிதருக்குக் கருமாதி அப்படித்தான். நான் கொள்ளி வைத்தேன். அண்ணி தாலியைக் கழற்றியபோது சத்தம் போட்டு அழவில்லை. "வாங்கியாரேன்னு சொன்னீங்களே" என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

அந்த வருஷப் போகிக்கு எங்கள் வீட்டிலும் ஓர் இலை விரித்தோம். செட்டி வீட்டு அம்மாள் வேலியோரம் வந்து, ஒரு கிண்ணத்தில் தான் செய்த பலகாரத்தை நீட்டினார். அண்ணி வாங்கி இலையில் வைத்தார்.

ஆண்டவன் கணக்கு எனக்குத் தெரியாது. இத்தனை ராஜ்யத்தை ஏற்றி இறக்கியவனுக்கு அந்தச் சுவர் எழுத்துக்காரனைத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். ஆனால் கோயிலில் சிலர் இப்போதே கதையை மாற்றிச் சொல்கிறார்கள். அண்ணன் சயாமில் குடும்பத்தோடு வாழ்ந்தாராம். மெர்டேக்கா அன்று சாமியார் வேஷத்தில் வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனாராம். நல்ல எண்ணத்தில் சொல்வதாக இருக்கலாம். இருந்தாலும் வேண்டாம். அவர் வரவில்லை, யாரும் அவரை விடவில்லை, யாரும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுவீர்கள் என்றால் அந்தக் காய்ந்த இலையைக் காய்ந்த இலையாகவே சொல்லுங்கள். அதில் யாரையும் உட்கார வைத்துவிடாதீர்கள்.