ஃபிரிட்ஜுக்குப் பின்னால்

எங்கள் நெசவாளர் தெருவில் முதலில் ஃபிரிட்ஜ் வாங்கியது என் மாமனார்தான். அந்த ஐப்பசி மழையில் உள்ளே வைத்த பால் தினமும் திரிந்துபோனது.

"நீ சும்மா சும்மா கதவைத் தொறக்கிற, அதான்" என்று மாமியார் ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என் கைக்குழந்தையின் பாலுக்குக்கூட அவளிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. பூட்டிய பிறகும் பால் திரிந்தது. "கள்ளச்சாவி வெச்சிக்கினு இருக்கிறா" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

கடைசியில் மாமனார் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவர் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தார். பின்பக்கத்துக் கம்பிகளின் மேல் ஈரத் துண்டுகளும் ரவிக்கைகளும் நெருக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் மாமியாருடையவை.

"உள்ள இருக்கிற சூடு இந்தக் கம்பி வழியாத்தாம்மா வெளிய போவணும். துணி போட்டு மூடிட்டா எப்படி ஜில்லுனு ஆவும்?" என்றார்.

"மழையில வேற எங்க காய வெக்கிறதாம்?" என்று மாமியார் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நான் கையை நீட்டினேன். "சாவியைக் குடுங்க."

அதைத் தரையில் வீசினாள். குனிந்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பால் கெடவில்லை. ஒரே அடுப்பில் சமைத்த நாங்கள் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அவள் என்னைத் திருடி என்று சொன்னதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.