பேனரில் வந்த பிள்ளை

நாகல் நகரில் பிறந்து வளர்ந்தவள் இஃப்பத். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அவளுடைய அத்தா, சொந்தக்காரர்கள் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் மகளை பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். படித்து முடித்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். ‘நம்மைப் போல நாலு பிள்ளைகள் வந்தால் என்ன’ என்று தோன்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கழித்துப்போட்ட மானிட்டர்களைச் சரிசெய்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு ஆஸ்பத்திரி வேனில் கொண்டுபோனாள். பேசுவது குறைவு. ஸ்க்ரூ டிரைவரைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவாள். பிரிப்பார்கள், பூட்டுவார்கள், ஒருவர் விரலில் ஒருவர் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு நல்ல பெயர் வரும் என்று மேனேஜர் பிராங்கிளினும் தடை சொல்லவில்லை.

சேவுகம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு ஜீவிதா, கை கால்களில் ஈசிஜி மெஷினின் கிளிப் மாட்டிக்கொள்ள முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். பூந்தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை.

“நானும் சயின்ஸ் குரூப்தான் எடுக்கப் போறேன் மிஸ். மெஷினு செய்யப் படிக்கணும்.”

தாளில் விழுந்த கோட்டைப் பார்த்ததும் இஃப்பத்துக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கிளிப்பை மாற்றி மாட்டினாள். மறுபடியும் அதே கோணல். மற்ற பிள்ளைகள் மானிட்டரைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். அவளைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

“ஓடுனா நெஞ்சு படபடன்னு வருமா?”

“வரும் மிஸ். செத்த நேரம் உக்காந்தா சரியாப் போயிரும்.”

ஆஸ்பத்திரி டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதயத்தில் பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை இருப்பதாகச் சொன்னார். விட்டால் ஆபத்து, ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அதைச் சுட்டுவிட்டால் பூரண குணம். அரசு காப்பீட்டில் மதுரையில் அது நல்லபடியாக நடந்தது. ஆபரேஷன் வார்டு வாசலில் ஜீவிதாவின் அம்மா முத்துப்பேச்சி, இஃப்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறு மாதம் வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேனர் முளைத்தது. ஆஸ்பத்திரியின் பெயர், கிளிப் மாட்டிய கையோடு சிரிக்கும் ஜீவிதா, ‘எங்கள் பயிற்சி முகாமில் கண்டறியப்பட்ட இதயக் கோளாறு’. பயிற்சியின்போது ஆஸ்பத்திரி ஆள் எடுத்த படம்.

“யாரைக் கேட்டு சார் போட்டீங்க?”

“நல்ல விஷயம்தானம்மா. எத்தனை ஸ்கூல்ல கூப்பிடுறாங்க தெரியுமா?” என்றார் பிராங்கிளின்.

இஃப்பத் மூன்று நாள் சண்டை போட்டு அதை இறக்க வைத்தாள். அதற்குள் ஊர் முழுக்கப் படித்துவிட்டது.

சேவுகம்பட்டிக்குப் போனாள். முத்துப்பேச்சி உட்காரச் சொல்லவில்லை.

“நெஞ்சுல கோளாறுள்ள பிள்ளைன்னு பேரு வந்துருச்சும்மா. குணமாயிருச்சுன்னா எவன் நம்புறான்? வெளியில இருந்து மாப்பிள்ளை வருமா? அதான் என் தம்பிக்கே பேசி முடிச்சுட்டோம். பதினெட்டு முடிஞ்சதும் கல்யாணம். படிப்பெல்லாம் போதும், பிள்ளைய அலைய விட மாட்டோம்.”

“அவளுக்கு இப்ப ஒண்ணுமே இல்லக்கா. எல்லாரு மாதிரியும் படிக்கலாம்.”

“உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீக. ஊருக்குப் பதில் சொல்றது நாங்கதான.”

ஜீவிதா தையல் மெஷினில் குனிந்திருந்தாள். இஃப்பத் பக்கத்தில் போய் நின்றும் நிமிரவில்லை.

“நீங்க பாக்காமயே இருந்திருக்கலாம் மிஸ்.”

பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இஃப்பத்தின் நாக்கு வரை வந்தது. பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னாள். பேசவும் செய்தாள். அவர் ஒருமுறை வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு, பெற்றவர்கள் சம்மதிக்கவில்லை என்று கைவிட்டுவிட்டார்.

அடுத்த பருவத்தில் பதினோரு பள்ளிகளிலிருந்து அழைப்பு வந்திருந்தது. பிராங்கிளின் உற்சாகமாக இருந்தார்.

“இந்தத் தடவை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈசிஜி எடுத்துருவோம்மா. இன்னொரு கேஸ் கிடைச்சா பெரிய பேரு.”

இஃப்பத் முடியாது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை, விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆளுக்கு மெஷினைத் திறக்கத் தெரியாது. பிள்ளைகளை அதைத் தொடவும் விடவில்லை. வரிசையில் நிற்க வைத்து ஈசிஜி எடுத்து, ஆஸ்பத்திரி பெயர் போட்ட தொப்பி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வந்தார்.